பழைய வண்டியும் பெரிய எஞ்சினும்

தாராவியில் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய தெருக்களில் மோட்டார் சைக்கிள் செப்பனிடும் பட்டறைகளைக் காணலாம். அத்தகைய பட்டறை ஒன்றின் வாயிலில் நாம் ஒரு மாலைப்பொழுதில் நின்றிருந்தபோது, இளைஞர் ஒருவர் தம் தந்தையார் வைத்திருந்த பழைய புல்லட் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். பட்டறைக்காரர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த முதியவர்.

"அண்ணாச்சி, இந்த வண்டியில ஐந்நூறு எஞ்சின் உட்காருமா?" என்று இளைஞர் வினவினார்.

முதியவர் கையில் படிந்திருந்த கரியெண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டே, "உட்காரும் தம்பி. ஓடுமா, நிக்குமான்னும் சேத்துக் கேளு" என்றார்.

இம்மூன்று வினாக்களையும் நாம் எளிதாக எண்ணிவிடுதல் ஆகாது. மோட்டார் சைக்கிள் தோன்றிய நாள் முதலாகப் பேரறிவு வாய்ந்த பொறியாளர்களும், பெயர் தெரியாத பட்டறைத் தொழிலாளரும் இவற்றுக்கே விடை தேடி வந்திருக்கின்றனர். எஞ்சின் சட்டகத்தில் உட்காருமா? உட்கார்ந்த எஞ்சினின் வலிமையைத் தாங்கி வண்டி ஓடுமா? ஓடுகிற வண்டி வேண்டும்போது நிற்குமா? இவற்றுள் முதல் வினாவோடு நின்றுவிட்டவர்கள் பலர். மூன்றையும் கேட்டவர்களின் வண்டிகளே நிலைத்தன. இதனை அந்த இளைஞரின் புல்லட்டைக் கொண்டே நாம் ஆராய்வோம்.

புல்லட் என்னும் பெயர் 1932ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தாரால் முதன்முதலாக இடப்பட்டது. நம் நாட்டார் அறிந்த வடிவமோ இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்த் தோன்றியதாகும். பின்சக்கரத்தைத் தாங்கும் கவை மேலும் கீழும் அசைந்து குழிகளின் அதிர்ச்சியை ஏற்கும் அமைப்போடு 1948இல் அது போட்டிகளில் காட்டப்பெற்று, 1949இல் விற்பனைக்கு வந்தது. சென்னையின் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் ரெட்டிச் நிறுவனத்தாரும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா என்னும் கூட்டு நிறுவனத்தை அமைத்தனர். மறு ஆண்டில் திருவொற்றியூரில் தொழிற்சாலை இயங்கத் தொடங்கிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் அங்குப் பூட்டப்பட்ட வண்டிகள் 163 ஆகும். தொடக்கத்தில் உறுப்புகள் கப்பலில் வந்தன. நாளடைவில் அவையும் நம் நாட்டிலேயே வார்க்கப்பட்டன. தாய்நாட்டில் புல்லட் உற்பத்தி 1962இல் நின்றுபோயிற்று. ரெட்டிச்சில் அணைந்த விளக்கு திருவொற்றியூரில் தொடர்ந்து எரிந்தது.

இவ்வாறு நமக்குக் கிடைத்த வண்டியின் எஞ்சின் 346 சி.சி. கொள்ளளவு உடையது. மக்கள் அதனை "முந்நூற்றைம்பது" என்றே வழங்குவர். அதன் சிலிண்டரின் உட்குறுக்களவு 70 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 90 மில்லிமீட்டர். அதே ரெட்டிச் நிறுவனத்தார் 1953இல் "ஐந்நூறு" எனப்படும் 499 சி.சி. புல்லட்டையும் வெளியிட்டனர். அதன் உட்குறுக்களவு 84 மில்லிமீட்டர்; பிஸ்டன் செல்லும் தூரமோ அதே 90 மில்லிமீட்டர்தான். கொள்ளளவைப் பெருக்க விரும்பியவர்கள் எஞ்சினை உயர்த்தவில்லை, அகலப்படுத்தினார்கள் என்பது இதனால் விளங்கும். பெட்ரோல் தொட்டிக்கும் எஞ்சினின் தலைக்கும் இடையிலுள்ள இடைவெளி சிறிது. எஞ்சின் உயர்ந்திருந்தால் சட்டகம் முழுவதையும் மாற்ற நேர்ந்திருக்கும். உயரம் பெரிதும் மாறாமையால் பெரிய எஞ்சின் ஏறத்தாழ அதே சட்டகத்தில் அமர்ந்துகொண்டது. "உட்காரும் தம்பி" என்று பட்டறைக்காரர் ஐயமின்றிக் கூறியதற்குக் காரணம் இதுவே.

எனினும் உட்காருதல் என்பதும் அவ்வளவு எளிய செயலன்று. புல்லட்டின் சட்டகத்தை உற்று நோக்கினால் ஒரு விந்தை தெரியவரும். முன்புறத்திலிருந்து இறங்கும் குழாய் எஞ்சினின் முன்பக்கத்தோடு முடிந்துவிடும். எஞ்சினுக்கு அடியில் அதனைத் தாங்கும் குழாய் இல்லை. எஞ்சினும், அதன் பின்னே திருகாணிகளால் இறுக்கப்பட்ட கியர் பெட்டியுமே சட்டகத்தின் கீழ்ப்பகுதியாக நின்று வண்டியின் பாரத்தை ஏற்கின்றன. ஆதலின் புல்லட்டிலிருந்து எஞ்சினைக் கழற்றுவது கூட்டைத் திறந்து பறவையை எடுப்பது போன்றதன்று. உடலிலிருந்து ஓர் எலும்பை எடுப்பது போன்றதாகும். புதிய எலும்பு அளவாகப் பொருந்தாவிடில் உடல் முழுவதும் கோணும். திருகாணித் துளையில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் சங்கிலி நேர்க்கோட்டில் ஓடாது.

எஞ்சினை முழுதும் மாற்றாமல் பழைய எஞ்சினின் மீதே அகன்ற சிலிண்டரை ஏற்றுவாரும் உளர். அகன்ற சிலிண்டரை ஏற்பதற்கு, அடிப்பெட்டியின் வாயைக் கடைசல் பட்டறையில் கொடுத்து அகலமாகக் கடைய வேண்டும். கடைந்தெடுக்கும் உலோகம் திரும்ப வாராது. மேலும், 84 மில்லிமீட்டர் பிஸ்டனின் முகப்பரப்பு 70 மில்லிமீட்டர் பிஸ்டனின் பரப்பைக் காட்டிலும் நூற்றுக்கு 44 பங்கு மிகுதியானது. ஒவ்வொரு வெடிப்பிலும் அத்தனை மிகுதியான விசை இணைப்புத் தண்டின் மீதும், அதன் அடித்தாங்கியின் மீதும் இறங்கும். பிஸ்டனின் எடையும் கூடிவிடுவதால், சிறிய பிஸ்டனுக்கென்று சமன் செய்யப்பட்ட பழைய சுழல்சக்கரங்கள் புதிய எடைக்கு ஒத்துவராமல் வண்டியை நடுங்கச் செய்யும். இவற்றையெல்லாம் அறிந்த தொழிலாளி அடிப்பெட்டியைத் தொடுவதற்கு முன் நெடுநேரம் சிந்திப்பார்.

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். எஞ்சினின் வலிமை பின்சக்கரத்தைச் சென்றடையும் முன்னர் கிளச்சு, கியர் பெட்டி, சங்கிலி ஆகிய மூன்று வாயில்களைக் கடக்க வேண்டும். ஒரு வாயில் குறுகலாக இருப்பினும் பயனில்லை. இவ்வுண்மையைப் பெரும் பொறியாளர்களும் பட்டுத்தான் அறிந்தனர். இங்கிலாந்தின் வின்சென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபில் இர்விங் என்பார், 1936இல் தம் மேசைமீது கிடந்த ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் இரு வரைபடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்த தோற்றத்தைக் கண்டார். 499 சி.சி. சிலிண்டர் இரண்டைக் கவையைப் போலச் சாய்த்துச் சேர்த்தால் 998 சி.சி. எஞ்சின் ஆகுமன்றோ என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது. ராப்பிட் என்னும் புகழ்பெற்ற வண்டி இவ்வாறு பிறந்தது. வேகத்தில் அதற்கு நிகரில்லை. ஆனால், வெளியாரிடமிருந்து வாங்கிப் பூட்டிய கிளச்சும் கியர் பெட்டியும் அதன் ஆற்றலைத் தாங்கமாட்டாமல் தவித்தன. போர் முடிந்தபின் 1946இல் வெளிவந்த அடுத்த ராப்பிட்டில், எஞ்சினோடு ஒன்றாக வார்க்கப்பட்ட கியர் பெட்டியையும் புதிய கிளச்சையும் அவர்கள் அமைத்தார்கள். எஞ்சினை இரட்டித்த நாளில் எழுந்த கேள்விக்குப் பத்தாண்டுகள் கழித்தே முழுவிடை கிடைத்தது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. ஆனால் அது வேறு வகையானது. டீசலின் விலை பெட்ரோலினும் வெகுவாகக் குறைந்திருந்த காலத்தில், வடநாட்டுப் பட்டறைக்காரர்கள் வயலுக்கு நீரிறைக்கும் சிறு டீசல் எஞ்சின்களைப் புல்லட் சட்டகத்தில் பூட்டி ஓட்டலாயினர். தில்லியில், போர் முடிந்து ஏலத்தில் விடப்பட்ட ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களின் பின்னே இருக்கைகள் கட்டி ஆட்களை ஏற்றிச் சென்ற "பட்படி" வண்டிகள் நெடுங்காலம் ஓடின. அவற்றிலும் பழைய எஞ்சின்கள் தேய்ந்தபோது டீசல் எஞ்சின்கள் இடம்பெற்றன. புகையின் கேடு கருதி அவ்வண்டிகள் 1998இல் விலக்கப்பட்டன. பட்டறைக்காரர் செய்ததைத் திருவொற்றியூர்த் தொழிற்சாலையும் 1993இல் செய்தது. 325 சி.சி. டீசல் எஞ்சினைப் புல்லட்டில் பொருத்தித் தானே விற்பனைக்கு விட்டது.

அந்த டீசல் புல்லட்டின் ஆற்றல் ஆறரைக் குதிரைச் சக்தியே. பெட்ரோல் முந்நூற்றைம்பதோ 18 குதிரைச் சக்தி உடையது. ஆற்றல் மூன்றிலொரு பங்காகக் குறைந்தும் மக்கள் ஏன் அதனை விரும்பி வாங்கினர்? ஒரு லிட்டரில் 70 கிலோமீட்டர் அளவுக்குச் சென்றமையால்தான். பால் கறந்து ஊருக்குக் கொண்டுசெல்பவருக்கும், சந்தைக்குச் சுமையேற்றிச் செல்பவருக்கும் வேகம் பொருட்டன்று. ஆகவே எஞ்சின் மாற்றம் என்பது எப்போதும் வேகத்தை நாடியே நிகழ்ந்தது என்று நாம் கருதிவிடலாகாது. வறியவன் வயிற்றுப்பாட்டை நாடியும் அது நிகழ்ந்தது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது 2000ஆம் ஆண்டையொட்டி அவ்வண்டியின் உற்பத்தி நின்றது.

நாம் குறிப்பிட்ட இளைஞரோ வேகத்தையே நாடினார். அவருக்காக ஒரு கணக்கைப் பார்ப்போம். திருவொற்றியூரில் 1989இல் ஏற்றுமதியை முதன்மையாகக் கருதி உருவாக்கப்பட்ட ஐந்நூறு சி.சி. புல்லட்டின் ஆற்றல் 24 குதிரைச் சக்தி என்று கூறப்பட்டது. பதினெட்டிலிருந்து இருபத்து நான்கு என்றால் மூன்றிலொரு பங்கு உயர்வு. வேகமும் மூன்றிலொரு பங்கு உயரும் என்று எவரும் எண்ணுவது இயல்பு. ஆனால் காற்று வழிமறிக்கின்றது. வேகம் இரட்டிக்க வேண்டுமாயின், காற்றை வெல்லுவதற்கு மட்டும் எட்டு மடங்கு ஆற்றல் தேவைப்படும். எனவே ஆற்றலை மூன்றிலொரு பங்கு கூட்டினால் உச்ச வேகம் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே கூடும். மேடேறும்போதும், பின்னே ஒருவரை ஏற்றிச் செல்லும்போதும் பெரிய எஞ்சினின் இழுவை நன்கு தெரியும் என்பது மெய்யே. ஆனால் கனவில் கண்ட வேகம் கையில் கிட்டாது.

இனி மூன்றாம் வினா. வேகம் பத்திலொரு பங்கு கூடினால், ஓடுகிற வண்டியை நிறுத்துவதற்குப் பிரேக்கு விழுங்க வேண்டிய ஆற்றல் ஐந்திலொரு பங்குக்கு மேல் கூடிவிடும். பழைய புல்லட்டின் பிரேக்கோ டிரம் வகையைச் சேர்ந்தது. உள்ளிருக்கும் இரு கட்டைகள் விரிந்து, சுழலும் உருளையின் உட்புறத்தை உரசி நிறுத்துவது. உரசலால் சூடேற ஏறப் பிடிப்பு குன்றும். சூடு வெளியேற வழியில்லை. சயானிலிருந்து செம்பூர் நோக்கி மாலை நேரத்தில் செல்லும் சாலையை அறிந்தவர்கள், அங்கே வண்டி ஓடுவதைக் காட்டிலும் நிற்க வேண்டிய தருணங்களே மிகுதி என்பதை ஒப்புவர். எஞ்சினுக்குப் பதினாயிரக்கணக்கில் செலவிடுவோர், பிரேக்குக் கட்டைக்குச் சில நூறு ரூபாய் செலவிடத் தயங்குவதைப் பட்டறைகளில் நாம் கண்டிருக்கின்றோம்.

இம்மூன்றாம் வினாவை முதலில் கேட்டவர்களின் கதையும் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் நார்ட்டன் நிறுவனத்தார் 1950இல் மான் தீவுப் பந்தயத்தில் ஒரு புதிய சட்டகத்தை இறக்கினர். வளைவுகளில் சிறிதும் தள்ளாடாமல் சென்ற அதற்கு "இறகு மெத்தை" என்றே பெயர் வழங்கலாயிற்று. அக்காலத்தில் 500 சி.சி. எஞ்சின் பூட்டிய சிறு பந்தயக் கார்கள் அந்நாட்டில் பரவியிருந்தன. அவற்றை ஓட்டியவர்களுக்கு நார்ட்டன் எஞ்சின் தேவைப்பட்டது. நிறுவனத்தாரோ எஞ்சினைத் தனியே விற்க மறுத்தனர். ஆகவே கார்க்காரர்கள் வண்டியையே முழுதாக வாங்கி, எஞ்சினை எடுத்துக்கொண்டு சட்டகத்தைத் தள்ளிவிட்டனர். தள்ளப்பட்ட சட்டகங்களில் ட்ரையம்ஃப் நிறுவனத்தின் இரட்டைச் சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி இளைஞர்கள் அமைத்த வண்டிக்கு, இரு பெயர்களும் கலந்து "ட்ரைட்டன்" என்று பெயர் வாய்த்தது. நல்ல பிடிப்பும் நல்ல பிரேக்கும் உடைய சட்டகத்தை முதலில் தேர்ந்து, அதற்கேற்ற எஞ்சினைப் பின்னர்த் தேடினமையால், அவ்வண்டியைப் போற்றுவோர் இன்றும் உளர்.

நம் மும்பை மாநகரத்திலும் எஞ்சின் மாற்றத்தின் வரலாறு தெருவெங்கும் ஓடிக்கொண்டிருந்தது. குர்லாவில் இருந்த பிரீமியர் தொழிற்சாலையிலிருந்து வந்த பத்மினி காரைக் கறுப்பு மஞ்சள் டாக்சியாக அறியாதார் யார்? அதன் பெட்ரோல் எஞ்சின் 1089 சி.சி.; பின்னாளில் 1366 சி.சி. டீசல் எஞ்சினும் அதே உடலில் பொருத்தி விற்கப்பட்டது. 2000ஆம் ஆண்டையொட்டி, மாநகரின் புகையைக் குறைக்குமாறு பம்பாய் உயர் நீதிமன்றம் இட்ட ஆணைகளை அடுத்துப் பழைய டாக்சிகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. அப்போது எரிவாயு உருளை பின்பெட்டியை அடைத்துக்கொண்டது. பயணிகளின் பெட்டிகள் கூரைமேல் ஏறின. எந்த மாற்றமும் எங்கேனும் ஓரிடத்தில் விலை கேட்கும் என்பதற்கு, மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி ஓடிய அந்த டாக்சிகளின் கூரைக் கம்பிகளே சான்று. கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29ஆம் நாள் பதிவு செய்யப்பட்டது. அதன் இருபதாண்டுக் காலவரம்பு 2023 அக்டோபரில் முடிவுற்றது.

டாக்சிகளின் மாற்றத்துக்கும் பட்டறையில் நிகழும் மாற்றத்துக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. முன்னது அதிகாரிகளின் சோதனைக்கு உட்பட்டது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த விவரங்களோடு முரண்படுமாறு வண்டியை மாற்றலாகாது என்கின்றது. எரிவாயு, மின்கலம் போன்ற வேறு எரிபொருளுக்கு மாறுவதற்கு நிபந்தனைகளோடு அது இடமளிக்கின்றது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பு இதனை உறுதிப்படுத்தியது. அவ்வாண்டில் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, விதியை மீறி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விபத்து நேர்ந்துவிட்டால், சான்றிதழில் இல்லாத எஞ்சினுக்காகக் காப்பீட்டு நிறுவனம் பணம் தருமா என்பதும் ஐயமே.

இச்சட்டம் கடுமையானது என்று பட்டறைத் தொழிலாளர்கள் வருந்துகின்றனர். அவ்வருத்தத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. குர்லாவின் பழைய உதிரிப் பாகக் கடைகளில் தேடியெடுத்த துண்டுகளைக் கொண்டே மரித்துப்போன வண்டிகளை உயிர்ப்பித்த கைகள் அவர்களுடையவை. அவர்களுக்குப் பட்டம் இல்லை. ஆனால் காதை வைத்து எஞ்சினின் நோயை அறியும் திறன் உண்டு. திருவொற்றியூர்த் தொழிற்சாலைக்கு முன்பாகவே டீசல் புல்லட்டைச் செய்து காட்டியவர்கள் பட்டறைக்காரர்களே என்பதை நாம் மறத்தலாகாது. இத்திறனைச் சோதித்து, தக்கவர்க்குச் சான்று வழங்கி, அவர்கள் செய்த மாற்றத்தைப் பிரேக்கு முதலாக ஆராய்ந்து ஏற்கும் எளிய வழி ஒன்று நம் நாட்டில் அமைய வேண்டும் என்பது நம் கருத்து. ஆயினும் அத்தகைய வழி அமையும் வரையில், அண்டை வீட்டுக் குழந்தை நடக்கும் அதே தெருவில் ஓடுகிற வண்டி நிற்குமா என்று கேட்கும் உரிமை ஊராருக்கு உண்டு. சட்டம் கேட்பதும் அந்த மூன்றாம் வினாவைத்தான்.

தொழிற்சாலையே அம்மூன்று வினாக்களையும் கேட்டுச் செய்த மாற்றம் ஒன்றையும் கூறுவோம். ராயல் என்ஃபீல்டு 2013இல் வெளியிட்ட கான்டினென்டல் ஜி.டி. வண்டியின் எஞ்சின் 535 சி.சி. உடையது. பழைய 84 மில்லிமீட்டர் உட்குறுக்களவை 87 ஆக்கினர். 90 மில்லிமீட்டர் தூரம் அப்படியே நின்றது. எஞ்சினில் மாறியது மூன்று மில்லிமீட்டர். அதற்காக அவர்கள் சட்டகத்தையே புதிதாக வரைந்தனர், முன்னும் பின்னும் தட்டுப் பிரேக்கு அமைத்தனர். மூன்று மில்லிமீட்டருக்கு இத்தனை ஏற்பாடு என்றால், 70 மில்லிமீட்டரிலிருந்து ஒரே தாவலாக 84க்குச் செல்ல விரும்புவோர் எத்தனை ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதை அவரவரே எண்ணிப் பார்க்கலாம்.

தாராவிப் பட்டறையில் அந்த முதியவர் இவ்வளவும் பேசவில்லை. வண்டியைத் தாங்கியில் நிறுத்தினார். முன்சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, பிரேக்குப் பிடியை இளைஞரின் கையில் கொடுத்தார். இளைஞர் இறுகப் பிடித்தும் சக்கரம் உடனே நிற்கவில்லை. ஒரு சுற்றுச் சுற்றியே நின்றது. "அப்பா இதையும் வச்சுத்தான் ஓட்டினாரா?" என்று அவர் மெல்லக் கேட்டார். "அவரு மெதுவாப் போவாரு தம்பி" என்றார் முதியவர்.

அன்று முடிவானது இதுதான்: பழைய முந்நூற்றைம்பது எஞ்சினே இருப்பது, தேய்ந்த சிலிண்டரைச் சிறிதளவே கடைந்து, அதற்குரிய அடுத்த அளவுப் பிஸ்டனைப் போடுவது, பிரேக்குக் கட்டைகள், கம்பி, சங்கிலி ஆகியவற்றைப் புதிதாக்குவது. சிலிண்டரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு முதியவர் கடைசல் பட்டறைக்குப் புறப்பட்டார். இளைஞர் தந்தையின் வண்டியருகே அமர்ந்து, முன்சக்கரத்துப் பிரேக்குக் கட்டைகளைக் கழற்றத் தொடங்கினார்.